ஈயம் வைக்காமல் ஆன்டெனா கம்பியை இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஆன்டெனா கட்ட ஆசைப்பட்டுக் கம்பி வாங்கிய பலர், “சால்டரிங் அயர்ன் இல்லையே” என்று அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் முறுக்கிக் கட்டி உயரே ஏற்றிவிட்டு, இரண்டு மழைக்குப் பிறகு ரேடியோ ஏன் கரகரக்கிறது என்று கேட்கிறார்கள். இந்த இரு தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, 100 வாட் வரை இயங்கும் கம்பி ஆன்டெனாக்களுக்குப் பொருந்தும். அதைத் தாண்டும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. சால்டர் வைக்காமல் கட்டிய ஆன்டெனா உண்மையிலேயே வேலை செய்யுமா, அல்லது சும்மா சமாளிப்பா?

வேலை செய்யும். மின்னோட்டத்தைக் கடத்துவது ஈயம் அல்ல, ஒன்றையொன்று அழுத்தித் தொடும் சுத்தமான உலோகம். நன்றாகப் போட்ட இணைப்பில் ஈயம் செய்வது ஒரே ஒரு வேலைதான்: அந்தத் தொடுபரப்புக்குள் காற்றும் ஈரமும் புகாமல் அடைத்துவைப்பது. அதே வேலையை இறுக்கமான முறுக்காலும், கிரிம்பாலும் (கம்பியை உலோகக் குழலில் நுழைத்து நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு), திருகாலும், மேலே சுற்றும் டேப்பாலும் செய்துகொள்ளலாம்.

இணைப்பு ஒன்றில் இரண்டு பொறுப்புகள் இருக்கின்றன. ஒன்று இழுப்பைத் தாங்குவது, மற்றொன்று மின்னோட்டத்தைக் கடத்துவது. இரண்டையும் ஒரே புள்ளியின் தலையில் கட்டும்போதுதான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

2. இரண்டு முனைகளையும் சேர்த்து விரலால் முறுக்கிவிட்டேன். போதாதா?

மேசை மேல் வைத்து ஒரு மாலைப்பொழுது கேட்டுப்பார்க்கப் போதும். வெளியே தொங்கவிடப் போதாது. இரு முனைகளையும் ஒரே பக்கமாகப் பிடித்து முறுக்கினால், இழுப்பு வரும்போது முறுக்கு பிரிகிறது. காற்று அசைக்க அசைக்கத் தொடுபரப்பு தளர்கிறது, தளர்ந்த இடத்தில் களிம்பு ஏறுகிறது. விரலின் பலம் செம்புக் கம்பியை அழுத்திப் பதிக்கவும் போதாது. குறடு வேண்டும்.

3. அப்படியானால் சரியான முறுக்கு எது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

தந்திக் கம்பங்களில் ஏறி வேலை செய்தவர்கள் பயன்படுத்திய முறை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு வெஸ்டர்ன் யூனியன் என்ற தந்தி நிறுவனத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இங்கே தந்தி முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். இழுக்க இழுக்க இறுகுவது இதன் சிறப்பு.

1.5 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைச் செம்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் சுமார் 8 செ.மீ. நீளத்துக்கு உறையை உரித்து, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். உரித்த பகுதிகளின் நடுப்பாகம் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழும்படி எதிரெதிர்த் திசையில் வையுங்கள். குறுக்கிட்ட இடத்தில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று ஒன்றிரண்டு தளர்ந்த முறுக்காக முறுக்குங்கள். இப்போது ஒரு முனையைச் செங்குத்தாக நிமிர்த்தி, எதிர்க் கம்பியின் மேல் நெருக்கமாக, சுற்றுக்குச் சுற்று இடைவெளி தெரியாமல், குறடால் இழுத்துப் பிடித்தபடி ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். மறுமுனைக்கும் அப்படியே, எதிர்ப் பக்கத்தில். மிச்சத்தை வெட்டி, வெட்டிய நுனியைக் கம்பியோடு படியும்படி குறடால் அழுத்திவிடுங்கள்.

முடித்த இணைப்பு மூன்று நான்கு செ.மீ. நீளம் இருக்கும். இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். சுற்றுகள் நகர்ந்தால் குறடை லேசாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள், பிரித்துப் புதிய முனையில் மறுபடி போடுங்கள். ஒருமுறை முறுக்கிய செம்பு கடினப்பட்டுவிடும், அதையே நிமிர்த்தித் திரும்ப முறுக்கினால் முறியும்.

4. பழைய மோட்டாரிலிருந்து பிரித்த கம்பியில் எப்படி முறுக்கினாலும் இணைப்பே கிடைக்கவில்லை. ஏன்?

அது எனாமல் பூசிய கம்பி. பார்க்க வெறும் செம்பு போல இருக்கும், ஆனால் முழு நீளத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத காப்பு உறை இருக்கிறது. முறுக்கும்போது எனாமலும் எனாமலும்தான் தொட்டுக்கொள்கின்றன. உப்புத்தாளை மடித்து, கம்பியை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, சுழற்றிச் சுழற்றி இழுங்கள். செம்பழுப்பு நிறம் போய் ரோஜா நிறச் செம்பு சுற்றிலும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு விடுவது பொதுவாக நடக்கும் தவறு. நெருப்பில் காட்டி எரிப்பவர்களும் உண்டு. கரியும் செம்பு ஆக்சைடும் மிஞ்சுவதால் அதற்குப் பிறகும் தேய்க்கத்தான் வேண்டியிருக்கும்.

5. உறையைப் பிளேடால் உரிக்கலாமா?

உரிக்கலாம். ஆனால் பிளேடைக் கம்பிக்குச் செங்குத்தாக வைத்துச் சுற்றி வெட்டாதீர்கள். செம்பில் விழும் மெல்லிய கீறல்தான் பின்னாளில் கம்பி ஒடியும் இடம். பென்சில் சீவுவதுபோல் சாய்த்துச் சீவுங்கள். செம்பு பூசிய எஃகுக் கம்பியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. செம்புத் தோல் கீறுபட்டால் உள்ளே இருக்கும் எஃகு வெளியே வந்து துருப்பிடிக்கும்.

6. என்னிடம் இருப்பது பல புரிக் கம்பி. இதிலும் தந்தி முறுக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் அது அவ்வளவு நம்பகமல்ல. மெல்லிய புரிகள் நசுங்கி நெகிழ்கின்றன, ஒற்றைக் கம்பியைப் போல் விறைத்து நிற்பதில்லை. பல புரிக் கம்பிக்கு நான் கிரிம்பையே சொல்வேன். அது கையில் இல்லாவிட்டால் இழுப்பைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்: ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டில் நான்கு துளை போட்டு, இரு பக்கக் கம்பிகளையும் உறையோடு இரண்டிரண்டு துளைகளில் நுழைத்து மடக்குங்கள். பாரம் அந்தத் துண்டில் நிற்கும். உரித்த முனைகள் நடுவில் தளர்வாகச் சந்திக்கட்டும். அங்கே எந்த இணைப்பைப் போட்டாலும் அதை யாரும் இழுக்கப்போவதில்லை.

வெறும் முடிச்சுப் போட்டு விடலாமா என்றும் கேட்பார்கள். முடிச்சு இழுப்பைத் தாங்கும், மின்தொடர்புக்கு உத்தரவாதம் தராது. உறையோடு முடிச்சுப் போட்டு, வெளியே நீளும் வால்களை உரித்துத் தனியாக இணைத்தால் அது நல்ல வழிதான்.

7. கடையில் பலவிதக் கனெக்டர்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

கிரிம்ப் குழல்கள்தான் என் முதல் தேர்வு. உட்புறம் பசை பூசிய, வெப்பத்தில் சுருங்கும் உறையோடு வருபவை கிடைத்தால் இன்னும் நல்லது. நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: சிவப்பு சுமார் 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய கம்பியைப் பெரிய குழலில் நுழைத்து நசுக்கினால் அது இணைப்பாகாது.

அடுத்தது வளைய லக்கும் (கம்பி முனையில் மாட்டும், போல்ட் நுழையத் துளையுள்ள உலோகத் துண்டு) நட்டு-போல்ட்டும். இரண்டு லக்குகள் நேருக்கு நேர் தொட, பல் வாஷர் வைத்து, பித்தளை அல்லது எவர்சில்வர் போல்ட்டால் இறுக்குங்கள். கழற்றி மாட்ட வேண்டிய இடங்களுக்கு இதுதான் வசதி. தடித்த கம்பிகளுக்குப் பிளவு போல்ட் அருமையானது: பிளவுக்குள் இரு கம்பிகளையும் படுக்கவைத்து நட்டை இறுக்கினால் போதும், கம்பியை வெட்டக்கூட வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் உறைக்குள் பித்தளைக் குழலும் திருகும் கொண்ட கனெக்டர் பட்டையை வெளியே பயன்படுத்தலாம். ஆனால் உள்ளே இருக்கும் திருகு பல சமயம் இரும்பு. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது மழையில் துருப்பிடிக்கும். நெம்புகோல் வைத்த கனெக்டர்களும், திருகி மாட்டும் தொப்பிகளும் வீட்டுக்குள் சுவரில் இருக்கும் வயருக்காகச் செய்யப்பட்டவை. சோதனை செய்யும்போது நெம்புகோல் கனெக்டர் கைக்கு மிக எளிது. நிரந்தரமாகக் காற்றில் ஆடவிட்டால் நீடிக்காது.

8. கிரிம்ப் குறடு இல்லை. சாதாரணக் குறடால் நசுக்கினால் என்ன?

நசுக்கினால் குழல் தட்டையாகும், அவ்வளவுதான். கிரிம்ப் குறடின் அச்சு, குழலையும் புரிகளையும் சுற்றிலும் நெருக்கி, இடையே காற்றே இல்லாத அளவுக்கு உலோகத்தை உலோகத்தோடு அழுத்துகிறது. களிம்பு ஏற இடமே இல்லாததால்தான் நல்ல கிரிம்ப் பல ஆண்டுகள் நிற்கிறது. தட்டையாக நசுக்கிய குழலில் ஓரங்களில் இடுக்கு மிஞ்சும். இரவல் வாங்கியாவது சரியான குறடைப் பயன்படுத்துங்கள். முடியாதென்றால் லக்கும் போல்ட்டும் அதைவிட மேல் என்பேன். லக்கையும் கிரிம்ப் செய்யத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். லக் இல்லாமலே, கம்பியை இரண்டு தட்டை வாஷர்களுக்கு நடுவில் போல்ட்டைச் சுற்றி வளைத்து இறுக்கலாம். வளைவு, நட்டு திரும்பும் திசையிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்போது கம்பி வெளியே பிதுங்கும்.

9. புரிகள் பிரியாமல் இருக்க முனையில் ஈயம் பூசிவிட்டுத் திருகுக் கனெக்டரில் மாட்டலாமா?

வேண்டாம். ஈயம் மென்மையானது. தொடர்ந்து அழுத்தம் இருந்தால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். இன்று இறுக்கிய திருகு சில மாதங்களில் தானே தளர்ந்திருக்கும். வெறும் புரிகளாகவே மாட்டுங்கள். பிரிந்துபோவது தொல்லையாக இருந்தால் முனைக்குழல் என்று கிடைக்கும் மெல்லிய உலோகக் குழலை மாட்டி கிரிம்ப் செய்து, அதன்மேல் திருகை இறுக்குங்கள்.

10. கம்பி நீளம் போதாமல் ஒட்டுப்போட வேண்டும். ஆன்டெனாவில் எந்த இடத்தில் ஒட்டு வந்தால் நல்லது?

அரை அலை டைபோலில் (நடுவில் கேபிள் மாட்டி, இரு பக்கமும் சமமான கம்பிக் கை நீளும் ஆன்டெனா) மின்னோட்டம் நடுவில் உச்சமாகவும் முனைகளில் ஏறக்குறைய பூஜ்யமாகவும் இருக்கும். மின்னழுத்தம் அதற்கு நேர் எதிர். ஆகவே ஒட்டை முனைப் பக்கம் தள்ளுங்கள். அங்கே கொஞ்சம் மின்தடை இருந்தாலும் இழப்பு அற்பம். 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலின் மொத்த நீளம் சுமார் 20.1 மீட்டர், ஒரு கை 10 மீட்டருக்குச் சற்று மேல். கையில் 8 மீட்டர்த் துண்டு இருந்தால் அதை நடுவிலிருந்து தொடங்கி, குறைகிற 2 மீட்டரை வெளிப்பக்கம் சேருங்கள்.

ஒலிபரப்பும்போது முனைகளில் மின்னழுத்தம் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். 100 வாட்டில் அங்கே கை பட்டால் தோல் வெந்துபோகும். முனைகள் ஆள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

11. ஒரு இணைப்பால் எவ்வளவு சக்தி வீணாகும்? கணக்குச் சொல்ல முடியுமா?

50 ஓம் உள்ள நடுப்புள்ளியில் 100 வாட் செலுத்தினால் மின்னோட்டம் சுமார் 1.4 ஆம்பியர். நல்ல இணைப்பின் தடை சில மில்லிஓம்தான். 5 மில்லிஓம் என்று வைத்தால் வீணாவது 0.01 வாட். மோசமான இணைப்பு, 0.1 ஓம் என்றாலும் 0.2 வாட்தான் போகும். ஒரு முழு ஓம் இருந்தால்கூட 2 வாட், அதாவது கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

அப்படியானால் எதற்கு இவ்வளவு அக்கறை? ஏனென்றால் ஒரு ஓம் உள்ள இணைப்பு ஒரு ஓமிலேயே நிற்பதில்லை. அந்த 2 வாட் ஒரு சிறு புள்ளியைச் சூடாக்குகிறது, சூட்டில் களிம்பு கூடுகிறது, தடை ஏறுகிறது. காற்றில் விட்டுவிட்டுத் தொடவும் தொடங்குகிறது. எனக்குக் கவலை இழப்பைப் பற்றியது அல்ல, நிலையில்லாமையைப் பற்றியது. வெறுமனே சிற்றலை கேட்கும் நீள்கம்பி ஆன்டெனா என்றால் தடைக் கணக்கை மறந்தேவிடலாம். ஆடாமல் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

12. உயர் அதிர்வெண் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும் என்கிறார்களே. முறுக்கிய இடத்தில் அது தடைப்படாதா?

மேற்பரப்பில்தான் ஓடும் என்பது உண்மை. செம்பில் 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செல்லும் ஆழம் சுமார் 0.025 மி.மீ. அதனால்தான் மேற்பரப்பு பளபளக்கும்வரை தேய்க்கச் சொல்கிறேன். தந்தி முறுக்கில் அந்த மேற்பரப்புகளே பல இடங்களில் அழுந்தித் தொடுகின்றன, மின்னோட்டம் அவ்வழியே தாவிக்கொள்ளும்.

13. ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் அது ஒரு காயில் ஆகிவிடாதா?

ஆகாது. காயில் என்றால் ஒவ்வொரு சுற்றும் மற்றதிலிருந்து காப்பிடப்பட்டிருக்க வேண்டும், மின்னோட்டம் சுற்றுவழியாகவே போக வேண்டும். இங்கே சுற்றுகள் ஒன்றையொன்றும் நடுக்கம்பியையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மின்னோட்டத்துக்கு அது சற்றே தடித்த ஒரு கம்பித்துண்டு.

14. அளந்து வெட்டித்தான் இணைத்தேன். ஆனால் ஆன்டெனா ஒத்ததிரும் அதிர்வெண் எதிர்பார்த்ததைவிட மேலே போய்விட்டது.

3-ஆம் பதிலில் சொன்னபடி முறுக்கினால் இரு முனைகளுமாகச் சுமார் 16 செ.மீ. கம்பி செலவாகி, 4 செ.மீ. இணைப்பு மிஞ்சும். மீதி 12 செ.மீ. ஆன்டெனாவின் நீளத்திலிருந்து போய்விட்டது. இன்சுலேட்டரில் மடக்கிச் சுற்றும் இடத்திலும் இதே கதை. எல்லா இணைப்புகளையும் போட்டு, இழுத்துக் கட்டியபின் அளவெடுங்கள். ஆரம்பத்தில் அரை மீட்டர் கூடுதலாகவே விட்டுவையுங்கள். மிச்சத்தை வெட்ட மனமில்லை என்றால் முனையில் பின்னோக்கி மடித்து, கம்பியோடு ஒட்டினாற்போல் சுற்றிவிடலாம். மடித்த பகுதி பெரும்பாலும் நீளத்தில் சேராது.

உறையுள்ள கம்பியானால் கணக்கு எதிர்ப்பக்கம் போகும். உறை அலையைச் சற்று மெதுவாக்குவதால், வெறும் கம்பியைவிடச் சில சதவீதம் குறைந்த நீளமே போதும்.

15. நடுவில் கோஆக்ஸ் கேபிளை (நடுக்கம்பியைச் சுற்றி வலைக்கம்பி உள்ள கேபிள்) சால்டர் இல்லாமல் எப்படி மாட்டுவது?

இழுப்பும் மின்னோட்டமும் வேறு வேறு என்ற முதல் பதிலின் விதி இங்கேதான் மிகவும் உதவும். ஆன்டெனாவின் இரு கைகளும் நடு இன்சுலேட்டரின் துளைகளில் நுழைந்து, தம்மேலேயே திரும்பிச் சுற்றிக்கொள்ளட்டும். கேபிளின் எடையை இன்சுலேட்டரில் துளையிட்டு நுழைத்தோ கட்டுப்பட்டையால் இறுக்கியோ தாங்கவையுங்கள். அதன்பின் கேபிளின் மேலுறையை உரித்து, வலைக்கம்பியை வெட்டாமல், ஓரத்தில் கூர்மையான கம்பியால் மெல்லப் பிரித்து, ஒரு பக்கமாகச் சேர்த்து முறுக்குங்கள். வலைக்கு ஒரு லக், நடுக்கம்பிக்கு ஒரு லக். இன்சுலேட்டரில் பதித்த இரண்டு போல்ட்களில் இவற்றை மாட்டி, ஆன்டெனா கைகளின் முனைகளையும் அங்கேயே இறுக்குங்கள்.

வலை வழியாக ஈரம் கேபிளுக்குள் ஊர்ந்து மீட்டர் கணக்கில் உள்ளே போகும். வெளியே தெரியாது, இழப்பு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே உரித்த வாயை நன்றாக அடைப்பது கட்டாயம்.

16. மழையிலிருந்து எப்படிக் காப்பது? சாதாரண மின்சார டேப் போதுமா?

அது மட்டும் போதாது. வெயிலில் பசை இளகி, வால் தொங்கத் தொடங்கிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் இருக்கிறது. அதை ஏறக்குறைய இரு மடங்கு நீளும்படி இழுத்தபடியே சுற்ற வேண்டும், இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. செங்குத்தாகத் தொங்கும் கேபிளில் கீழிருந்து மேலே சுற்றிக்கொண்டு போங்கள். மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் படிந்து தண்ணீரை வழியவிடும். அதற்கும் மேல், வெயிலுக்குக் காப்பாக, சாதாரண டேப்பை ஒரு சுற்று.

சிலிக்கோன் பூசுகிறவர்கள் முதலில் முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாடை அடிக்கும் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, அது செம்பை அரித்துப் பச்சையாக்கிவிடும். அமிலம் விடாத நடுநிலை வகையை வாங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு தொங்கல் வளைவு விட்டால், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

17. இணைப்பில் கிரீஸ் தடவச் சொல்கிறார்கள். கிரீஸ் மின்சாரம் கடத்தாதே?

கடத்தாது, கடத்தவும் வேண்டாம். இறுக்கும் அழுத்தத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும் புள்ளிகளிலிருந்து கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும். சுற்றியுள்ள இடுக்குகளில் மட்டும் தங்கி, ஈரத்தைத் தடுக்கும். தடவிவிட்டு இறுக்குவதுதான் முறை. தளர்ந்த இணைப்பின் மேல் தடவுவதால் எந்தப் பயனும் இல்லை.

18. செம்புக் கம்பியை அலுமினியக் குழாயோடு இணைக்க வேண்டும். நேரடியாகத் திருகிவிடலாமா?

நேரடியாக வேண்டாம். ஈரம் பட்டதும் அந்த இரு உலோகங்களும் ஒரு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்படும். இடையில் எவர்சில்வர் வாஷர் ஒன்று வைத்து, எவர்சில்வர் போல்ட்டால் இறுக்குங்கள். முடிந்தவரை செம்பு கீழேயும் அலுமினியம் மேலேயும் இருக்கட்டும். செம்பின்மேல் வழிந்த தண்ணீர் அலுமினியத்தில் விழுந்தாலும் அரிப்பு உண்டாகும்.

அலுமினியத்துக்கு இன்னொரு குணம் இருக்கிறது. தேய்த்த உடனேயே மேலே ஆக்சைடுப் படலம் படிந்துவிடும், அது காப்புப் பொருள். அலுமினிய இணைப்புகளுக்கென விற்கும் ஆக்சைடு தடுப்புப் பசையைத் தடவி, அந்தப் பசைக்கு அடியிலேயே கம்பித் தூரிகையால் தேய்த்து, உடனே இறுக்குங்கள். இந்தப் படலத்தின் காரணமாகவே சாதாரண ஈயம் அலுமினியத்தில் ஒட்டுவதும் இல்லை. ஆக, இங்கே சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவரும் நீங்களும் ஒன்றுதான்.

19. மல்டிமீட்டரில் பூஜ்ய ஓம் காட்டுகிறது. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அறுந்துபோகவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மீட்டரின் சோதனை வயர்களுக்கே அரை ஓம் அளவுக்குத் தடை இருக்கக்கூடும். அதற்குள் சில மில்லிஓம் வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

வேறு வழி உண்டு. 12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட் 12 வாட் பல்பு, சோதிக்க வேண்டிய கம்பி ஆகிய மூன்றையும் வரிசையாக இணையுங்கள். பல்பு எரியும்போது கம்பியில் சுமார் 1 ஆம்பியர் ஓடுகிறது. மீட்டரை மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி, இணைப்புக்கு இருபுறமும் 5 செ.மீ. தள்ளித் தொடுங்கள். எத்தனை மில்லிவோல்ட்டோ, அத்தனை மில்லிஓம். 1.5 மி.மீ. விட்டமுள்ள செம்பில் ஒட்டே இல்லாத 10 செ.மீ. துண்டு ஏறக்குறைய 1 மில்லிவோல்ட் காட்டும். இணைப்புள்ள துண்டும் அதன் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. இணைப்பை அசைத்துக்கொண்டே பாருங்கள், எண் தாவினால் மறுபடி போட வேண்டியதுதான்.

20. காற்று அடிக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். நான் பேசும்போது பக்கத்து வீட்டு வானொலியிலும் தொல்லை. இணைப்புக் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். செம்பின்மேல் படியும் ஒருவகை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. 1920களில் அதை வைத்தே மின்சாரத்தை ஒருதிசையாக்கும் கருவிகளைச் செய்தார்கள். களிம்பேறிய தளர்ந்த இணைப்பும் அப்படியே ஒரு டயோடாகிவிடுகிறது. உங்கள் சமிக்ஞையை அது நசுக்கி, அதன் மடங்கு அதிர்வெண்களை உண்டாக்கி, ஆன்டெனா வழியாகவே வெளியே அனுப்புகிறது. நீங்கள் கேட்கும்போது, அருகிலுள்ள வலுவான நிலையங்களைக் கலந்து, இல்லாத இடத்தில் பேய் நிலையங்களைக் காட்டும்.

ஒருவரை ரேடியோ அருகில் நிறுத்தி, காப்புள்ள கயிற்றால் ஆன்டெனாவை மெல்ல ஆட்டுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) முள் ஆட்டத்தோடு துள்ளினால் குற்றவாளி உங்கள் பக்கம். துள்ளவில்லையென்றால் அருகிலுள்ள வேலிக் கம்பி, துருப்பிடித்த கூரைத் தகடு, தளர்ந்த மழைநீர்க் குழாய் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். அவையும் இதே வித்தையைச் செய்யும்.

21. பல அலைவரிசைகளுக்கு ஒரே ஆன்டெனா, கழற்றி மாட்டும்படி வேண்டும். எந்த இணைப்பு?

டைபோலை இடையில் துண்டித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகும் புல்லட் கனெக்டரால் சேர்ப்பது வழக்கம். ஒரு கையில் நடுவிலிருந்து சுமார் 5.07 மீட்டரில் ஒரு துண்டிப்பு, 7.06 மீட்டரில் இன்னொன்று, முழு நீளம் 10.07 மீட்டர். எல்லாம் மாட்டினால் 7.1 மெகாஹெர்ட்ஸ், வெளியே உள்ளதைக் கழற்றினால் 10.1, இரண்டையும் கழற்றினால் 14.1. கையை அளந்து வெட்டும்போது 14.1 மெகாஹெர்ட்ஸ் பகுதியை, அதாவது உட்பகுதியை முதலில் சரிசெய்து, பிறகு வெளியே போங்கள். ஒவ்வொரு துண்டிப்பிலும் ஒரு சிறு கயிறோ பிளாஸ்டிக் துண்டோ பாரத்தைத் தாங்க வேண்டும், கனெக்டர் தளர்ந்து தொங்க வேண்டும். 6-ஆம் பதிலில் சொன்ன நான்கு துளைத் துண்டு இதற்கும் பொருந்தும். முதலைக் கிளிப்புகளும் வேலை செய்யும், ஆனால் அவற்றின் பிடி காற்றில் நழுவுவதைப் பார்த்தவர்கள் திரும்ப அதை நாடுவதில்லை.

22. 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கும் இதே முறைகள்தானா?

இணைப்பின் தரம் அதேதான். மாறுவது அதன் நீளம். 3 செ.மீ. வயர் முனை சுமார் 30 நானோஹென்றி தூண்டல் உள்ளது. 7 மெகாஹெர்ட்ஸில் அது 1.3 ஓம், யாரும் கவனிக்கப்போவதில்லை. 145 மெகாஹெர்ட்ஸில் அதுவே 27 ஓம். 50 ஓம் கேபிளுக்கு அது பெரிய இடைஞ்சல். ஆகவே லக்குகளும் முனைகளும் முடிந்தவரை குட்டையாக, சில மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அல்லது பேனல் கனெக்டரின் (தகட்டில் பதிக்கும், சதுர அடிப்பாகமுள்ள கேபிள் சாக்கெட்) நான்கு மூலைத் துளைகளிலும் கம்பியை நேராக போல்ட்டால் இறுக்குங்கள்.

23. எர்த் கம்பி மண்ணுக்குள் போகிறது. அங்கேயாவது ஈயம் வைக்க வேண்டாமா?

அங்கே ஈயத்தை நம்பவே கூடாது. ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், மின்னல் சாடினால் கிடைக்கும் சூடு அதைவிடப் பலமடங்கு. மண்ணின் ஈரத்திலும் அது அரிந்துபோகும். அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு, ஈயத்தை மட்டுமே நம்பியிருக்கும் எர்த் இணைப்புகளை அனுமதிப்பதில்லை. எர்த் கம்பத்துக்கென உள்ள பித்தளை அல்லது வெண்கலப் பிடியைப் போட்டு இறுக்குங்கள், ஆண்டுக்கொருமுறை திருகைச் சரிபாருங்கள்.

மேலே ஓடும் கம்பியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த இணைப்பும் ஒருநாள் அறுந்து விழலாம். அறுந்தால் மின்கம்பிகள்மேல் விழக்கூடிய இடத்தில் ஆன்டெனா இருக்கவே கூடாது. அதற்கு எந்த முறுக்கும் பரிகாரமல்ல.

24. சால்டரிங் அயர்ன் இப்போது வாங்கிவிட்டேன். பழைய முறுக்குகள்மேல் ஈயம் வைத்துவிடட்டுமா?

களிம்பேறிய பழைய செம்பில் ஈயம் ஒட்டாது. வெட்டிப் புதிதாக முறுக்கி, அன்றே வைத்தால் சரி. பல புரிக் கம்பியில் ஈயம் புரிகளுக்கிடையே ஊறி, உறைக்குள்ளும் ஏறிவிடும். ஊறல் நிற்கும் எல்லையில் கம்பி விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கின்றன, காற்றில் ஆடி ஆடிச் சரியாக அங்கேதான் ஒடியும். ஆடாத இடமானால் வையுங்கள். ஆடும் இடமானால் கிரிம்பே இருக்கட்டும்.

25. ஈயமில்லாமல் செய்யவே முடியாத ஆன்டெனா என்று ஏதாவது உண்டா?

உண்டு. சிறிய காந்த வளைய ஆன்டெனா. ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் கதிர்வீச்சுத் தடை (ரேடியோ அலையாக வெளியே போகும் சக்தியைக் குறிக்கும் தடை) 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 மில்லிஓம் மட்டுமே. விரல் தடிமன் செம்புக் குழாயால் செய்து 100 வாட் செலுத்தினால் ஐம்பது ஆம்பியர் அளவில் மின்னோட்டம் ஓடும். டைபோலில் கண்ணுக்கே தெரியாத அந்த 5 மில்லிஓம் இணைப்பு, இங்கே வெளியே போகும் சக்திக்கு ஏறக்குறைய சமமான சக்தியை விழுங்கிவிடும். 11-ஆம் பதிலின் நிம்மதி இதற்குப் பொருந்தாது.

ஒலிபரப்புவதற்கென்றால் வளையத்தை ஒரே துண்டாக வளைத்து, மின்தேக்கியோடு சேரும் இரண்டு இடங்களைப் பற்றவைத்துவிடுங்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த இரண்டு இடங்களிலும் அகலமான லக்கும் இறுக்கமான போல்ட்டும் போதும்.